ஐம்பது மீட்டர் நடக்க முடியுமா? பிரிட்டனின் வேலைத்திறன் படிவம் போடும் கணக்கு

மேசைமேல் கிடக்கும் ஒரு பவுண்டு நாணயத்தை ஏதாவதொரு கையால் எடுக்க முடியுமா? அரை லிட்டர் பால் பெட்டியைத் தூக்கி நகர்த்தி வைக்க முடியுமா? போட்டிருக்கும் கோட்டின் மேல்பையில் எதையாவது வைக்கிற அளவுக்குக் கையை உயர்த்த முடியுமா? அலாரம் வைப்பது மாதிரி ஒரு சின்ன வேலையைக் கற்றுக்கொள்ள முடியுமா? உடம்பு முடியாமல் வேலைக்குப் போக இயலாதவரிடம் பிரிட்டன் அரசு கேட்பவை இவை. என்ன நோய் என்ற கேள்வியும் படிவத்தில் உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது.

இது தெரியாமல்தான் பலரும் படிவத்தை நிரப்புகிறார்கள். நோய்களின் பெயர்களை வரிசையாக எழுதி, மாத்திரைப் பட்டியலை இணைத்து, ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் கட்டுக்கட்டாக வைத்து அனுப்புகிறார்கள். சில மாதம் கழித்து, 'நீங்கள் வேலைக்குத் தகுதியானவர், மதிப்பெண் பூஜ்ஜியம்' என்று பதில் வருகிறது. படிவத்தில் கேள்வி இருக்கிறது, விடைக்கான கட்டங்கள் இருக்கின்றன, எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பது மட்டும் அச்சாகவில்லை. அது சட்ட விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. யாரும் படிக்கலாம், ரகசியம் ஒன்றுமில்லை. படிவத்தோடு சேர்த்து அனுப்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த முறைக்கு வேலைத்திறன் மதிப்பீடு என்று பெயர். 2008 அக்டோபரில், பழைய இயலாமைப் படியை நிறுத்திவிட்டு இஎஸ்ஏ என்ற புதிய உதவித்தொகையைக் கொண்டுவந்தபோது இதுவும் வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகை 2013இல் தொடங்கியபோது அதற்கும் இதையே பொருத்தினார்கள். மதிப்பீட்டு வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் குத்தகைக்கு விடுவது முதல் நாளிலிருந்தே வழக்கம். முதலில் ஏட்டோஸ், 2015 மார்ச்சிலிருந்து மாக்சிமஸ், 2024 செப்டம்பருக்குப் பிறகு பகுதிவாரியாக மாக்சிமஸ், கேப்பிட்டா, செர்கோ, இன்ஜியஸ். 2010இல் முதல் சுயேச்சை ஆய்வை நடத்திய பேராசிரியர் மால்கம் ஹாரிங்டன், மனிதத் தொடர்பில்லாத இயந்திரத்தனமான நடைமுறை என்று எழுதினார். அதன்பின் எத்தனையோ திருத்தம் வந்தும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

படிவம் கைக்கு வரும்வரை

வேலையில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டால் முதலில் வருவது முதலாளி கொடுக்கும் சட்டப்படியான நோய்க்கால ஊதியம். 2025-26இல் அது வாரத்துக்கு 118.75 பவுண்டு, அதிகபட்சம் 28 வாரம். அது முடியும்போது முதலாளி எஸ்எஸ்பி1 என்ற தாளைத் தர வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வழிகள். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் போதுமான நேஷனல் இன்ஷூரன்ஸ், அதாவது சம்பளத்திலிருந்து அரசுக்குப் போகும் காப்பீட்டுத் தொகை, கட்டியிருந்தால் நியூ ஸ்டைல் இஎஸ்ஏ. சேமிப்பு எவ்வளவு, கணவனோ மனைவியோ எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அதில் பார்க்கமாட்டார்கள். மற்றது யுனிவர்சல் கிரெடிட். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள், 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் கதவு மூடிவிடும். தகுதி இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம், இஎஸ்ஏ தொகையை யுனிவர்சல் கிரெடிட்டில் கழித்துக்கொள்வார்கள்.

நம்மவர்களுக்கு இங்கே முக்கியமான ஒரு விஷயம் உண்டு. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் கேர் ஹோமிலோ ஐடி கம்பெனியிலோ வேலை பார்க்க வந்தவர்களின் விசாவில் 'பொது நிதி பெற உரிமை இல்லை' என்ற நிபந்தனை இருக்கும். யுனிவர்சல் கிரெடிட் அந்தப் பொது நிதிப் பட்டியலில் வருகிறது. ஆனால் கட்டிய இன்ஷூரன்ஸுக்காகக் கிடைக்கும் இஎஸ்ஏ அதில் வராது. 'நமக்கு ஒன்றும் கிடையாது' என்று மூன்று நான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கட்டியவர்களும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். விசா விவகாரம் என்பதால் முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

யுனிவர்சல் கிரெடிட்டில் நோயைப் பற்றி ஆன்லைன் கணக்கிலுள்ள ஜர்னல் பகுதியில் தெரிவித்து, ஜிபி என்ற குடும்ப டாக்டர் தரும் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்றையும் காட்ட வேண்டும். முதல் ஏழு நாளுக்கு நோட் தேவையில்லை, நாமே சொன்னால் போதும். 2022 ஜூலையிலிருந்து நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட் போன்றோரும் நோட் கொடுக்கலாம். சாதாரணமாக 28 நாளுக்குப் பிறகும் உடம்பு சரியாகாவிட்டால் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள், யூசி50 என்ற படிவம் வரும். இஎஸ்ஏவில் அதற்குப் பெயர் இஎஸ்ஏ50. உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலதிகத் தொகை கிடைப்பதற்கு மூன்று மாதக் காத்திருப்பு உண்டு, அது நோட் கொடுத்த பிறகே ஓடத் தொடங்குகிறது. அதனால் 'பார்ப்போம், அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போட்டால் நஷ்டம் நமக்கு. ஃபிட் நோட் இந்த வண்டியைக் கிளப்பத்தான் உதவும். ஜிபி 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதியிருப்பதால் மட்டும் முடிவு அப்படியே வரும் என்று நினைக்கக்கூடாது.

கணக்கு

மொத்தம் 17 செயல்கள். நடப்பது, நிற்பது, உட்காருவது, கையை உயர்த்துவது, தூக்குவது, விரல்களைப் பயன்படுத்துவது, பேசிப் புரியவைப்பது, மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வது, வழி கண்டு போவது, மலசலக் கட்டுப்பாடு, விழித்திருக்கும்போது நினைவு தப்புவது ஆகிய உடல் சார்ந்தவை 10 தலைப்பில் வருகின்றன. கற்பது, ஆபத்தை உணர்வது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, மாற்றத்தைத் தாங்குவது, வெளியே போவது, மனிதரோடு பழகுவது, நடத்தை ஆகியவை மனம் சார்ந்த 7. ஒவ்வொன்றின் கீழும் எது முடியாது என்று சொல்லும் சில வாசகங்கள் உண்டு, கடுமைக்கு ஏற்ப ஒரு வாசகத்துக்கு 15, 9, 6 அல்லது 0 மதிப்பெண். ஒரு செயலில் மிக உயர்ந்தது மட்டும் எண்ணப்படும், வேறு வேறு செயல்களில் கிடைப்பதைக் கூட்டலாம். கூட்டல் 15 வந்தால் 'வேலைத்திறன் குறைவு' என்ற நிலை.

இதற்கு மேலே இன்னொரு நிலை இருக்கிறது. வேலை தேடவும் வேண்டாம், வேலைக்கான தயாரிப்பும் வேண்டாம் என்ற நிலை. இதற்குக் கூட்டல் இல்லை. தனிப் பட்டியலில் உள்ள ஒரு வாசகமாவது பொருந்த வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை 15 மதிப்பெண் வாசகங்களே. கீமோதெரபி, ரேடியோதெரபி எடுப்பவர்கள், அதிலிருந்து மீண்டுவருபவர்கள், ஓராண்டுக்குள் இறப்பு எதிர்பார்க்கப்படுபவர்கள் போன்ற சிலரை இந்தக் கணக்குக்குள் இழுக்காமலே மேல் நிலையில் வைப்பார்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஏன் எல்லோரும் மேல் நிலைக்காகப் போராடுகிறார்கள் என்பது விளங்கும். 2017 ஏப்ரலுக்கு முன் கீழ் நிலைக்கும் வாரம் 29 பவுண்டு சொச்சம் கூடுதலாகக் கிடைத்தது. புதியவர்களுக்கு அதை வெட்டிவிட்டார்கள். அதன்பின் கீழ் நிலையில் இருப்பவருக்கு வேலை தேடும் கெடுபிடி குறையும், ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டில் கைக்கு ஒரு பென்ஸ்கூட அதிகமாக வராது. மேல் நிலைக்கோ 2025-26இல் மாதம் 423.27 பவுண்டு கூடுதல். நடுவில் இருந்த படியை அரசே உடைத்துவிட்டு, எல்லோரும் மேல்படிக்கு ஏறப் பார்க்கிறார்கள் என்று அதே அரசு குறைப்பட்டுக்கொள்வது எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது. 2025ஆம் ஆண்டின் யுனிவர்சல் கிரெடிட் சட்டம் இதற்குக் கண்ட மருந்து, மேல்படியின் உயரத்தைக் குறைப்பது. 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வருபவர்களுக்குத் தொகை மாதம் 217.26 பவுண்டு. முன்பே பெறுபவர்களுக்கும், வாழ்நாள் முழுதும் நீடிக்கும் கடும் நோயுள்ளவர்களுக்கும், இறுதிக்கட்ட நோயாளிகளுக்கும் உயர்ந்த தொகை.

ஒரு பெண்ணின் படிவம்

முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடையில் கல்லாவில் நின்று வேலை பார்த்தவர், முழங்காலும் விரல் மூட்டுகளும் வீங்கிப்போய் வேலையை விட்டவர். நடப்பது பற்றிய பெட்டியில் அவர் இப்படி எழுதுகிறார்: 'நடக்க மிகவும் கஷ்டம். காலையில் வலி தாங்க முடியாது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் படிக்கும் மதிப்பீட்டாளர் இதை எந்த வாசகத்தில் பொருத்துவார்? தூரம் இல்லை, நிற்க வேண்டியிருக்கிறதா என்பது இல்லை, திரும்ப நடக்க முடியுமா என்பது இல்லை.

சட்டம் பார்ப்பது இதை: சமதளத்தில், நிற்காமல், கணிசமான வலியோ களைப்போ இல்லாமல் எத்தனை மீட்டர்? 200 மீட்டர் முடியாது என்றால் 6. 100 முடியாது என்றால் 9. 50 முடியாது என்றால் 15. ஒருமுறை 50 மீட்டர் போக முடிந்தாலும், நியாயமான நேரத்துக்குள் அதே தூரத்தை மீண்டும் மீண்டும் போக முடியாது என்றால் அதுவும் 15தான். அந்த 'மீண்டும்' என்ற பகுதியில்தான் பலரின் வழக்கு ஜெயிக்கிறது, அல்லது எழுதாமல் விட்டதால் தோற்கிறது.

அதே பெண் இப்படி எழுதினால்: 'வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் சுமார் 80 மீட்டர். பாதி வழியில் சுவரைப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறேன். ஸ்டாப்புக்குப் போனதும் உட்கார்ந்தே ஆகவேண்டும். உடனே அதே தூரம் திரும்பி நடக்கச் சொன்னால் முடியாது, அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். அப்படிப் போய்வந்த நாளில் சாயங்காலம் முழங்கால் வீங்குகிறது, மறுநாள் வெளியே போவதில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது இப்படித்தான்.' வலி என்ற சொல்லே இதில் இல்லை, ஆனாலும் மதிப்பீட்டாளருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. நடப்பது பற்றிய விதியில் கைத்தடி, கையால் தள்ளும் சக்கர நாற்காலி ஆகியவையும் அடக்கம். உங்களிடம் சக்கர நாற்காலி இல்லாவிட்டாலும், 'நியாயமாகப் பயன்படுத்தக்கூடியது' என்று அவர்கள் நினைத்தால், அதில் 50 மீட்டர் போக முடியுமே என்று மதிப்பெண்ணை மறுக்கலாம். நம் பெண்ணுக்கு விரலும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன, சக்கரத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. ஆனால் கைப்பிரச்சினையை விரல்களைப் பற்றிய கேள்வியில் மட்டும் எழுதிவிட்டு, நடக்கும் கேள்வியில் எழுதாமல் விட்டால் அந்தத் தொடர்பை வேறு யாரும் போட்டுத்தரமாட்டார்கள். அங்கேயும் எழுத வேண்டும். திருப்பித் திருப்பி எழுதுகிறோமே என்று கூச்சப்படத் தேவையில்லை.

அப்புறம் உட்காருவது, நிற்பது. நாற்காலியில் இருந்தும் எழுந்து நின்றும் மாறி மாறிச் சமாளித்தாலும், பெரும்பாலான நேரங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலையிடத்தில் இருக்க முடியாது என்றால் 6, அரை மணிக்கு மேல் முடியாது என்றால் 9. 100 மீட்டருக்கான 9உடன் இந்த 6 சேர்ந்தால் 15, கீழ் நிலை கிடைத்துவிடும். ஆனால் 50 மீட்டரை மீண்டும் நடக்க முடியாது என்பது ஏற்கப்பட்டால் மேல் நிலை. ஒரே முழங்கால்தான், எழுதிய விதத்தைப் பொறுத்து மாதக் கணக்கில் நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம்.

மனநோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கல். 2013இல் மேல் தீர்ப்பாயம், இந்த நடைமுறை மனநலப் பிரச்சினை உள்ளவர்களைக் கணிசமாகப் பாதகப்படுத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னது. தன் நிலையைத் தானே விளக்கத் தெரியாததே சிலருக்கு நோயின் ஒரு பகுதி. அவரிடம் பல பக்கப் படிவத்தைக் கொடுத்து விளக்கு என்றால்?

நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. போர்க்காலத்தில் பார்த்தவற்றால் தூக்கமும் நிம்மதியும் போன அண்ணன் ஒருவர் இருப்பார். தம்பி கூட்டிக்கொண்டு ஜிபியிடம் போவார், மனைவி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பார், கடிதங்களை மகள் பிரித்துப் படிப்பாள். 'வெளியே போகிறீர்களா?' என்று கேட்டால் 'ஓம், போறனான்' என்பார். விதிப்படி, தெரிந்த இடத்துக்கே துணையில்லாமல் போக முடியாது என்றால் 9, தெரியாத இடத்துக்குத் துணையில்லாமல் முடியாது என்றால் 6. தெரிந்த எந்த இடத்துக்குமே போக முடியாது என்றால் 15. குடும்பம் தாங்கிப் பிடிப்பதால் அவருடைய இயலாமை அவருக்கே தெரிவதில்லை. அதனால் இந்தப் படிவத்தை அவர் தனியாக நிரப்பக்கூடாது. கூடவே இருப்பவர் உட்கார்ந்து, 'நான் வராவிட்டால் போவீர்களா? கடைசியாக எப்போது தனியாகப் போனீர்கள்? என்ன நடந்தது?' என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

பெரும்பாலான கேள்விகளில் 'மாறிக்கொண்டே இருக்கும்' என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடித்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. வாரத்தில் எத்தனை நாள் மோசம், அந்த நாளில் எது முடியாது, நல்ல நாளில் செய்ததற்கு மறுநாள் என்ன விலை என்று எழுத வேண்டும். மாத்திரையின் பக்கவிளைவும் கணக்கில் வரும். தூங்கித் தூங்கி விழுவது மாத்திரையால் என்றால் அதையும் எழுதலாம்.

படிவத்தில் தனிக் கேள்வியாக இல்லாத ஒரு விதியும் இருக்கிறது. எந்த வாசகத்திலும் பொருந்தாவிட்டாலும், ஒருவரை வேலைக்கோ வேலைத் தயாரிப்புக்கோ தள்ளினால் அவருடைய அல்லது மற்றவருடைய உடல், மன நலத்துக்குக் கணிசமான ஆபத்து என்றால் மேல் நிலை கொடுக்கலாம். தற்கொலை எண்ணம், மனச்சிதைவு மீண்டும் கிளம்புவது போன்றவற்றில் இது உயிர்நாடி. கடைசியில் 'வேறு தகவல்கள்' என்று விடும் இடத்தில் இதை எழுதி, ஜிபியோ மனநல நர்ஸோ அதே ஆபத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தந்தால் பலம். ஜிபி கடிதத்துக்குக் காசு கேட்கலாம், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். 2023இல் அன்றைய அரசு இந்த ஆபத்து விதியையும் 50 மீட்டர் விதியையும் குறுக்கப் பார்த்தது. அதற்காக நடத்திய கருத்துக்கேட்பே சட்டவிரோதமானது என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னதால் திட்டம் நின்றது. 2025 மார்ச்சில் இன்றைய அரசு, மதிப்பீட்டையே 2028இல் ஒழித்துவிட்டு, பிப் என்ற மாற்றுத்திறன் உதவிக்கான மதிப்பீட்டை வைத்து இதையும் முடிவு செய்யப்போவதாக அறிவித்தது. அது வரும்போது பார்க்கலாம். இன்று கையில் இருப்பது யூசி50.

அனுப்பிய பிறகு

படிவத்தைத் திருப்பி அனுப்பச் சுமார் நான்கு வாரம் தருவார்கள். தேதி கடிதத்திலேயே இருக்கும். சரியான காரணமில்லாமல் தவறவிட்டால் வேலைக்குத் தகுதியானவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கடிதங்களின் நகல் போதும், அசலை அனுப்ப வேண்டாம்.

சிலருக்குத் தாளை மட்டும் பார்த்தே முடிவு வரும். மற்றவர்களுக்குப் போனிலோ வீடியோவிலோ நேரிலோ ஒரு பேட்டி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், செலவு அவர்களுடையது. சமாளித்துக்கொள்ளலாம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் பேசி, 'யெஸ், ஐ கேன்' என்று வாயில் வந்துவிட்டால் அது அப்படியே அறிக்கையில் ஏறும். மதிப்பீட்டாளர் கேள்விகளை மட்டும் நம்புவதில்லை. காத்திருக்கும் அறையிலிருந்து எப்படி நடந்து வந்தீர்கள், நாற்காலியிலிருந்து எழும்போது கை ஊன்றினீர்களா, பையை யார் தூக்கினார், போனில் எவ்வளவு நேரம் தடுமாறாமல் பேசினீர்கள் என்பதும் குறிப்பில் வரும். நடிக்கச் சொல்லவில்லை. ஆனால் வலியை மறைத்துக்கொண்டு, சிரித்த முகமாக விறுவிறுவென்று நடந்து காட்ட வேண்டிய இடமும் இது அல்ல.

மதிப்பீட்டாளர் பரிந்துரை செய்வார், முடிவெடுப்பவர் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அதிகாரி. முடிவு பாதகமாக வந்தால் முதலில் கேட்டு வாங்க வேண்டியது மதிப்பீட்டு அறிக்கையின் நகல். எந்தச் செயலில் எத்தனை கொடுத்தார்கள், ஏன் என்பது அதில்தான் இருக்கும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேட்க வேண்டும், பிந்தினால் காரணம் சொல்ல வேண்டும். இந்தப் படியில் அதே துறைதான் மறுபடி பார்க்கிறது, முடிவு மாறாமல் திரும்பி வந்தால் மனம் தளர வேண்டியதில்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே ஒரு நீதிபதியும் ஒரு டாக்டரும் இருப்பார்கள், இருவரும் துறைக்கு வெளியே உள்ளவர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களிலும் சில உள்ளூராட்சி அலுவலகங்களிலும் இதற்கு இலவசமாக உதவுவார்கள்.

தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவது தேதி விஷயத்தில். அப்பீல் கேட்கப்படும் நாளில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கமாட்டார்கள், பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. துறை முடிவெடுத்த நாளில் எப்படி இருந்தது என்பதே கேள்வி. போன வாரம் டாக்டர் எழுதிய கடிதமாக இருந்தாலும், அது அந்தப் பழைய தேதியில் இருந்த நிலையைப் பற்றிச் சொன்னால்தான் வேலைக்கு ஆகும். டாக்டரிடம் கடிதம் கேட்கும்போதே அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடையில் உடம்பு இன்னும் மோசமாகியிருந்தால் அதை இந்த அப்பீலில் சேர்க்க முடியாது, ஜர்னலில் தனியாகத் தெரிவித்துப் புதிய மதிப்பீடு கேட்க வேண்டும்.